சோழ நாட்டுப் பழம்பள்ளிகள்

‘பள்ளிக்கூடம்’ என்னும் சொல்லை நாள்தோறும் வழங்காத மாணவர் இலர். அச்சொல்லின் முற்பகுதியாகிய ‘பள்ளி’ என்பது பழந்தமிழ் நாட்டில் உறங்கும் இடத்தையும், சிற்றூரையும், சமண பௌத்தத் துறவியர் தங்கிய உறையுளையும் குறித்து வழங்கிற்று. துறவியர் தாம் வாழ்ந்த பள்ளிகளில் நூல்களை ஓதினர். தம்மை நாடி வந்தோரை ஓதுவித்தனர். காலப்போக்கில் கல்வி பயிலும் இடத்திற்கே அப்பெயர் உரியதாயிற்று என்பர் அறிஞர். ஆகவே, இன்று ஒரு சிறுவன் ‘பள்ளிக்குச் செல்கிறேன்’ என்று கூறும்பொழுது, தான் அறியாமலே பழங்காலத் துறவியரின் உறையுள் ஒன்றை நினைவூட்டுகிறான்.

அத்தகைய பள்ளிகள் சோழ நாட்டில் பல இருந்தன. காவிரி பாயும் நாட்டிலும் கடற்கரைப் பட்டினங்களிலும் பௌத்தப் பள்ளிகள் சிறந்து விளங்கின. அவற்றுள் ஒன்றேனும் இன்று முழுமையாக நிற்கவில்லை. ஓரிடத்தில் சில செங்கற் சுவர்களின் அடிப்பகுதி காணப்படுகிறது. பிறிதோரிடத்தில் அதுவும் இல்லை. எனினும் அப்பள்ளிகளில் பிறந்த கல்வி முற்றும் அழிந்துவிடவில்லை. கட்டடம் அழிந்தும் கல்வி எவ்வாறு எஞ்சிற்று என்பதை அறிய விழைவோர் அவ்விடங்களை நேரிற் சென்று காணுதல் நன்று.

அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் வாழ்வோர்க்கு அப்பயணம் தம் ஊர்ப்புறத்திலேயே தொடங்குகிறது. இவ்வட்டாரத்தில் விக்கிரமங்கலம் போன்ற ஊர்களில் சோழர் காலத்துப் புத்தர் சிலைகள் காணப்பட்டுள்ளன. அமர்ந்த கோலத்தில், மடிமீது கை வைத்து, விழி தாழ்த்தித் தியானத்தில் ஆழ்ந்திருக்கும் இத்தகைய கற்படிவங்கள் சோழ நாட்டின் வயல்வெளிகளிலும் குளக்கரைகளிலும் பலவாகக் கிடைத்துள்ளன. ஒரு காலத்தில் இப்பகுதிகளில் பௌத்த சமயத்தவர் வாழ்ந்தனர் என்பதற்கு அவை சான்று பகர்கின்றன.

அரியலூர் மாவட்டத்தில், செயங்கொண்டத்திற்கு அருகில், கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. கங்கை வரை படை செலுத்தி வெற்றி கண்ட முதலாம் இராசேந்திர சோழன் அமைத்த தலைநகரம் அது. ஏறத்தாழ 180 அடி உயர்ந்த விமானத்தையுடைய சிவன் கோயில் இன்றும் அங்கே தலை நிமிர்ந்து நிற்கிறது. ஆனால் வேந்தர் வீற்றிருந்த அரண்மனையோ மண்மேடாகிவிட்டது. ‘மாளிகைமேடு’ என்று மக்கள் வழங்கும் அவ்விடத்தில் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறையினர் அகழ்ந்து, செங்கற் சுவர்களையும், கூரை ஓடுகளையும், சீன நாட்டுப் பீங்கான் துண்டுகளையும் கண்டெடுத்தனர். கடல் கடந்த நாடுகளோடு இந்நகரம் கொண்டிருந்த தொடர்பை அத்துண்டுகள் புலப்படுத்துகின்றன.

இந்நகரிலிருந்து ஆண்ட வீரராசேந்திரன் என்னும் சோழ மன்னன் காலத்தில் (1063–1070) புத்தமித்திரனார் என்னும் பௌத்தப் புலவர் ஒருவர் இருந்தார். அவர் தமிழுக்கு இலக்கணம் ஒன்று இயற்றி, மன்னன் பெயரால் அதனை ‘வீரசோழியம்’ என வழங்கினார். சிவனுக்குப் பெருங்கோயில் எடுத்த அரச மரபில் வந்தவன் பெயரைப் பௌத்தப் புலவர் தம் நூலுக்குச் சூட்டினார் என்பது எண்ணத்தக்கது. சமயம் வேறாயினும் தமிழ்க் கல்வி அவ்விருவரையும் ஒன்றுபடுத்திற்று. அந்நூலுக்குப் பெருந்தேவனார் என்பவர் உரை வரைந்தார். இன்று மறைந்துவிட்ட பௌத்த நூல்களைச் சார்ந்த செய்யுட்கள் சில, அவ்வுரையில் மேற்கோளாக ஆளப்பட்டமையாலேயே உயிர் பிழைத்துள்ளன. 1881-ஆம் ஆண்டில் சி. வை. தாமோதரம் பிள்ளை ஏட்டுச் சுவடிகளை ஆராய்ந்து வீரசோழியத்தை அச்சேற்றினார்.

கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து தெற்கே செல்லும் வழியில் கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரை இருக்கிறது. 1836-ஆம் ஆண்டளவில் அந்த அணையைக் கட்டிய காலத்தில், கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலின் திருச்சுற்று மதில் இடிக்கப்பட்டு, அதன் கற்கள் அணைக்குக் கொண்டு செல்லப்பட்டன. அணையினால் உழவர் பயனுற்றனர் என்பது உண்மை. எனினும் பல நூற்றாண்டுகளாக மழையையும் வெயிலையும் தாங்கி நின்ற மதில், சில நாளில் மனிதர் கையால் மறைந்தது. பழமைச் சின்னங்களை அழிப்பவை காலமும் கடலும் மட்டுமல்ல என்பதை, அணைக்கரையைக் கடக்கும் வழிப்போக்கர் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

அணைக்கரையைக் கடந்து, மயிலாடுதுறை வழியாகக் கிழக்கே சென்றால் காவிரி கடலோடு கலக்கும் பூம்புகார் வரும். காவிரிப்பூம்பட்டினம் என்று புகழ்பெற்ற பழைய துறைமுகம் அதுவே. அதனை அடுத்த மேலையூரில் பல்லவனீச்சரம் என்னும் பகுதி உள்ளது. 1960-களில் இந்தியத் தொல்பொருள் ஆய்வுத் துறையினர் அங்கே நிலத்தை அகழ்ந்தபொழுது, பெரிய செங்கற்களால் கட்டப்பட்ட பௌத்த விகாரம் ஒன்றின் அடித்தளம் வெளிப்பட்டது. வரிசையாக அமைந்த சிறு சதுர அறைகளும், வழிபாட்டிடமும் அங்குக் காணப்பட்டன. மங்கலச் சின்னங்கள் பொறித்த புத்தர் பாதக் கல் ஒன்றும், வெண்கலத்தால் ஆன சிறு புத்தர் படிவமும் கிடைத்தன. இக்கட்டடம் கி. பி. நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளைச் சார்ந்தது என்பர். அண்மையிலுள்ள கீழையூரில், மரத்தூண்களோடு கூடிய செங்கற் படகுத்துறை ஒன்றும் அகழ்ந்து காணப்பட்டது.

மேலையூருக்குச் செல்வோர் வானளாவிய கோபுரத்தையோ சிற்ப மண்டபத்தையோ எதிர்பார்த்தல் ஆகாது. தாழ்ந்த செங்கற் சுவர்களும், அவை வகுத்துக் காட்டும் சிற்றறைகளுமே அங்கு உள்ளன. ஓர் அறையில் ஒருவர் அல்லது இருவர் தங்கலாம். ஒரு பாய், ஓர் ஓடு, சில ஓலைச்சுவடிகள் ஆகியவற்றிற்கு மேல் துறவிக்கு என்ன வேண்டும்? இத்துணைச் சிறிய இடத்திலா கடல் கடந்த நாடுகள் போற்றும் கல்வி வளர்ந்தது என்று காண்போர் வியத்தல் கூடும்.

பௌத்தத் துறவியர் ஊர் ஊராய்ச் செல்லும் இயல்பினர். ஆயினும் மழைக்காலத்து மூன்று திங்களும் அவர்கள் ஓரிடத்திலேயே தங்குதல் வேண்டும் என்பது அவர்தம் ஒழுக்க விதி. அங்ஙனம் தங்குவதற்கு எழுந்த உறைவிடங்களே நாளடைவில் நிலையான விகாரங்களாயின. பலர் கூடித் தங்கிய இடத்தில் ஓதுதலும், ஐயம் தெளிதலும், சொற்போர் புரிதலும் இயல்பாகவே வளர்ந்தன. நூல்களைப் படியெடுப்போரும் சேர்ந்தனர். துறைமுகப் பட்டினங்களில் அமைந்த விகாரங்களுக்கு மற்றொரு வாய்ப்பும் இருந்தது. வணிகர் கலங்களில் ஏறித் துறவியர் பிற நாடுகளுக்குச் சென்றனர். பிற நாட்டார் இங்கு வந்தனர். மிளகும் துணியும் சென்ற வழியே நூல்களும் சென்றன.

காவிரிப்பூம்பட்டினத்தில் அமர்ந்து நூல் எழுதிய பேராசிரியர் ஒருவரின் பெயர் இன்றும் அறியப்படுகிறது. அவர் புத்ததத்தர். ஐந்தாம் நூற்றாண்டளவில் வாழ்ந்த அவர் உறையூரைச் சேர்ந்தவர். இலங்கையின் தலைநகராகிய அநுராதபுரத்திற்குச் சென்று, மகாவிகாரை என்னும் புகழ்பெற்ற கல்விக் கழகத்தில் பயின்றார். பாலி நூல்களுக்குப் பேருரைகள் வகுத்த புத்தகோசர் அவர் காலத்தவர். புத்ததத்தர் இலங்கையினின்று திரும்பிய கலமும், புத்தகோசர் இலங்கைக்குச் சென்ற கலமும் நடுக்கடலில் எதிர்ப்பட்டன என்று பௌத்த மரபு கூறும். தாம் எழுதும் உரைகளை அனுப்புமாறும், அவற்றைத் தாம் சுருக்கித் தருவதாகவும் புத்ததத்தர் அப்பொழுது கூறினார் என்பது அம்மரபு. இக்கதை எங்ஙனமாயினும், அவர் நூல்கள் விரிந்த பொருளைச் சுருக்கி உரைப்பன என்பது மெய்.

அவர் இயற்றிய ‘அபிதம்மாவதாரம்’ என்னும் நூல் காவிரிப்பூம்பட்டினத்தில் கணதாசர் என்பவர் கட்டிய விகாரத்தில் எழுதப்பட்டது. ‘விநயவிநிச்சயம்’ என்னும் நூல் சோழ நாட்டுப் பூதமங்கலத்தில் எழுதப்பட்டது. முன்னது பௌத்தத் தத்துவத்தையும், பின்னது துறவியர் ஒழுக்க விதிகளையும் விளக்குகின்றன. சுமதி என்பவர் வேண்டிக்கொண்டமையால் ஒன்றையும், புத்தசீகர் என்பவர் வேண்டிக்கொண்டமையால் மற்றொன்றையும் அவர் இயற்றினார். பெரிய நூல்களைக் கற்க இயலாது இடர்ப்பட்டோர்க்கு எளிதில் மனப்பாடம் செய்யத்தக்க வகையில், பெரும்பாலும் செய்யுள் நடையில், அவற்றை அமைத்தார். மாணாக்கர் இடரை உணர்ந்த ஆசிரியரின் அருளுள்ளம் அந்நூல்களில் விளங்குகிறது.

புத்ததத்தர் நூல்களைப் பாலி மொழியில் எழுதினார். பாலி அக்காலத்தில் தென்னிந்தியா, இலங்கை ஆகிய நாடுகளின் பௌத்தர்க்குப் பொதுமொழியாய் விளங்கிற்று; பின்னர்ப் பர்மாவிலும் சயாமிலும் பரவிற்று. ஆதலின், காவிரிக் கரையில் எழுதிய ஏடு பிற நாட்டு விகாரங்களிலும் ஓதப்பட்டது. பனையோலை ஏடு நெடுங்காலம் நில்லாது. கறையானுக்கும் ஈரத்திற்கும் இரையாகும். சில தலைமுறைக்கு ஒருமுறை எவரேனும் அதனைப் புதிய ஓலையில் எழுதுதல் வேண்டும். சோழ நாட்டில் பௌத்தம் மங்கிய பின்னர், இங்கே படியெடுப்போர் இலராயினர். இலங்கையிலும் பர்மாவிலும் அத்தொண்டு இடையறாது நடந்தது. 1915-ஆம் ஆண்டிலும் 1928-ஆம் ஆண்டிலும் புத்ததத்தரின் நூல்கள் இலண்டனில் உள்ள பாலி நூற்கழகத்தின் வழியாக அச்சில் வெளிவந்தன. அவற்றைப் பதிப்பித்த இலங்கைத் துறவியின் பெயரும் புத்ததத்தர் என்பதே.

பூம்புகாரிலிருந்து கடற்கரையை ஒட்டித் தெற்கே சென்றால், தரங்கம்பாடியையும் காரைக்காலையும் கடந்து நாகப்பட்டினத்தை அடையலாம். ஏழாம் நூற்றாண்டிலேயே சீனத் துறவியர் இத்துறைமுகத்தின் வழியாகப் பயணம் செய்தனர் என்பது இத்சிங் என்னும் சீன யாத்திரிகர் எழுதிய குறிப்பினால் தெரிகிறது. கி. பி. 1006-ஆம் ஆண்டளவில் இங்கே ஒரு பெரிய விகாரம் எழுந்தது. கடாரத்திற்கும் சிரீவிசயத்திற்கும் அரசனான மாறவிசயோத்துங்கவர்மன், தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் அதனை எடுத்தான். தஞ்சைப் பெரிய கோயிலை எழுப்பிய முதலாம் இராசராச சோழன், ஆனைமங்கலம் என்னும் ஊரை அப்பள்ளிக்கு இறையிலியாக வழங்கினான். இங்ஙனம் பள்ளிகளுக்கு விடப்பட்ட நிலத்திற்குப் ‘பள்ளிச்சந்தம்’ என்று பெயர்.

ஆனைமங்கலத்தின் நிலம் 97 வேலிக்கு மேற்பட்டது. அதிலிருந்து பள்ளிக்குச் சேரவேண்டிய நெல் 8,943 கலத்துக்கு மேலாகும். துறவியர்க்கும் அவரை அண்டிப் பயில்வோர்க்கும் உணவும் உடையும் இவ்வாறு உழவரின் உழைப்பால் கிடைத்தன. கல்வி என்பது ஆசிரியரும் மாணாக்கரும் மட்டும் வளர்க்கும் பயிரன்று. நெல் விளைப்போரும் அளப்போரும் அதற்கு நீர் வார்க்கின்றனர்.

இராசராசன் காலமானபின் அவன் மகன் இராசேந்திரன் அக்கொடையைச் செப்பேட்டிற் பொறிக்கச் செய்து நிலைபெறுத்தினான். வடமொழியிலும் தமிழிலும் அமைந்த அச்சாசனம் 21 ஏடுகளை உடையது. பிற்காலத்தில் அது டச்சுக்காரர் வழியாக நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தைச் சென்றடைந்தமையால், ‘லெய்டன் செப்பேடுகள்’ என்றும், ‘ஆனைமங்கலச் செப்பேடுகள்’ என்றும் பெயர் பெற்றது. இராசேந்திரன் 1025-ஆம் ஆண்டளவில் கடாரத்தின்மீது கடற்படை செலுத்தினான். அரசுகளுக்கிடையே போர் நிகழ்ந்தும், பள்ளிக்கு அளித்த கொடை அழியவில்லை. 1090-ஆம் ஆண்டளவில் முதலாம் குலோத்துங்க சோழன், கடாரத்து அரசனின் தூதர் வேண்டியவண்ணம் நாகப்பட்டினத்துப் பள்ளிகளின் உரிமைகளை மீண்டும் செப்பேட்டில் உறுதி செய்தான். இராசராசப் பெரும்பள்ளி, இராசேந்திர சோழப் பெரும்பள்ளி என்னும் பெயர்கள் அதிற் காணப்படுகின்றன.

இத்தகைய கொடை வேற்றிடத்தும் நிகழ்ந்ததுண்டு. பீகாரிலுள்ள நாலந்தாவில், சுவர்ணத்தீவின் அரசனாகிய பாலபுத்திரதேவன் ஒன்பதாம் நூற்றாண்டில் விகாரம் ஒன்று எடுப்பித்தான். அவன் வேண்டுகோளின்படி வங்காளத்துப் பால மரபினனாகிய தேவபாலன் அதற்கு ஐந்து ஊர்களை அளித்தான். நாலந்தாவில் தலைமை ஆசிரியராய் விளங்கிய தருமபாலர் காஞ்சிபுரத்தில் பிறந்தவர் என்று சீன யாத்திரிகர் யுவான் சுவாங் குறித்துள்ளார். நாலந்தாவின் அகன்ற செங்கற் பாழிடத்தைக் காணும் தமிழர், தம் நாட்டார் ஒருவர் அங்கே ஆசிரியர் பீடத்தில் வீற்றிருந்தார் என்பதை எண்ணி மகிழலாம்.

நாகப்பட்டினத்தில் பௌத்தத்தின் நினைவு நெடுங்காலம் நிலவிற்று. பர்மாவின் பெகு நகரத்து மன்னர் தம்மசேதி 1476-ஆம் ஆண்டில் இலங்கைக்குத் துறவியரை அனுப்பினார். அவர்களுட் சிலர் திரும்புகையில் கலம் உடைந்து கரையேறி, நாகப்பட்டினம் வரை நடந்து வந்து, அங்கிருந்த பழைய விகாரத்தின் இடத்தைக் கண்டு வணங்கினர். அதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்தும் மூன்று நிலையுடைய செங்கற் கோபுரம் ஒன்று அங்கே நின்றது. கடலில் வரும் மாலுமிகள் அதனை அடையாளமாகக் கொண்டு கரை சேர்ந்தனர். ஐரோப்பியர் அதனைச் ‘சீனர் கோயில்’ என்று வழங்கினர். 1846-ஆம் ஆண்டில் சர் வால்ட்டர் எலியட் என்னும் ஆங்கில அதிகாரி அதனை நேரிற் கண்டு குறிப்பெழுதினார். 1867-ஆம் ஆண்டில் அரசாங்கத்தின் இசைவோடு அது இடிக்கப்பட்டது. அதன் செங்கற்கள் புதிய கட்டட வேலைக்குப் பயன்பட்டன. கங்கைகொண்ட சோழபுரத்து மதிலுக்கு நேர்ந்ததே இதற்கும் நேர்ந்தது.

ஆகவே, நாகப்பட்டினத்திற்குச் செல்வோர் சூளாமணி விகாரத்தைக் காண இயலாது. ஆயினும் 1856-ஆம் ஆண்டு முதலாக அந்நகரின் மண்ணிலிருந்து ஏறத்தாழ 350 பௌத்த வெண்கலப் படிவங்கள் வெளிப்பட்டன. அவற்றுட் பல சென்னை அரசு அருங்காட்சியகத்தில் இடம்பெற்றன. சில, கைக்குள் அடங்கும் அளவினவே. நின்று அருள்புரியும் புத்தரும், அமர்ந்து தியானிக்கும் புத்தரும், தலைமீது சுடர் எழும் கோலத்தில் வடிக்கப்பட்டுள்ளனர். நடராசர் திருவுருவைச் செப்புத் திருமேனியாக வார்த்த சோழநாட்டுக் கலை மரபே இவற்றையும் வார்த்தது.

இப்பயணத்தின் முடிவில் ஓர் உண்மை விளங்கும். மேலையூரில் சுவர்களின் அடியும், நாகப்பட்டினத்தில் வெறும் நிலமுமே எஞ்சின. ஆனால் புத்ததத்தரின் நூல்கள் வாழ்கின்றன, வீரசோழியம் வாழ்கிறது. அவற்றை ஒருவர் ஓதினார், மற்றொருவர் படியெடுத்தார், பின்னொருவர் அச்சேற்றினார். இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் நூல் மறையும். தமிழ்ப் பெருங்காப்பியங்களுள் ஒன்றாக எண்ணப்படும் ‘குண்டலகேசி’ என்னும் பௌத்தக் காப்பியத்திற்கு அந்நிலையே நேர்ந்தது. சில செய்யுட்கள் தவிர அதன் பெரும்பகுதி மறைந்துவிட்டது. அதனை எவரும் தீயிட்டு அழித்தனர் என்று கூறுவதற்கில்லை. படியெடுப்பார் இன்மையே ஒரு நூலை மாய்த்தற்குப் போதுமானது.

பாழிடங்களின் செய்தியும் இதுவே. அவற்றைக் காணச் செல்லும் மாணவர் ஒரு செங்கல்லையேனும் நினைவுப் பொருளாக எடுத்து வருதல் தகாது. சுவரில் தம் பெயரைக் கீறுதலும் ஆகாது. தம் ஊர்க் குளக்கரையிலோ வயலோரத்திலோ பழைய சிலையோ எழுத்துப் பொறித்த கல்லோ தென்பட்டால், அதனை அகற்றாது, ஆசிரியர் வாயிலாக அரசின் தொல்லியல் துறையினர்க்கு அறிவித்தல் வேண்டும். பரண்மீது கிடக்கும் ஓலைச்சுவடியைக் குப்பையென எறியாது காத்தல் வேண்டும்.

மேலையூரின் சிற்றறையில் அமர்ந்து கற்ற மாணாக்கர் பெயர்கள் பெரும்பாலும் மறைந்தன. ஆயினும் அவர்கள் கற்றதைப் பிறர்க்கு உரைத்துச் சென்றமையால், பள்ளி என்னும் சொல்லும் அதன் பொருளும் இன்றும் நின்று நிலவுகின்றன. கற்றதை அடுத்த தலைமுறைக்குப் பழுதின்றி ஒப்படைப்பதே, பள்ளியிற் பயில்வோர் அப்பழம்பள்ளிகளுக்குச் செலுத்தும் கடனாகும்.